மரங்கள் பின்னோக்கி ஓடவில்லை, ஐயா!



அண்மையில் ஒரு தந்தையார் என்னை நேரிலேயே கேட்டுவிட்டார். "ஐயா, கட்டுரைப் பாட வேளையில் பிள்ளைகளுக்கு வெள்ளைக்காரன் நாட்டு இரயில் படத்தைப் போட்டுக் காட்டுகிறீர்களாமே? அதில் கதையும் இல்லை, பேச்சும் இல்லை என்று என் மகன் சொல்கிறான். அந்த நேரத்தில் ஒரு மாதிரிக் கட்டுரையை மனனம் செய்ய வைத்திருக்கலாமே?"

அவர் கேட்டதில் தவறில்லை. தம் பிள்ளையின் படிப்பில் அக்கறை உள்ளவர்தாம் இப்படிக் கேட்பார். அவருக்கு அன்று சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். சில பெற்றோருக்கும், ஏன், சில ஆசிரியர்களுக்கும் இதே ஐயம் உண்டு என்பதை நான் அறிவேன்.

முதலில், நான் காட்டிய காணொளி எத்தகையது? தொடர்வண்டியின் ஓட்டுநர் அறையில், முன்கண்ணாடியை ஒட்டி ஒரு படக்கருவியைப் பொருத்திவிடுகிறார்கள். வண்டி புறப்படுவது முதல் போய்ச் சேருவது வரை ஓட்டுநர் காண்பதையே நாமும் காண்கிறோம். இரண்டு தண்டவாளங்கள், கைகாட்டிகள், நிலையங்கள், மலைகள், ஆடுகள், மழை. அவ்வளவுதான். பிரித்தானிய நாட்டுப்புறத் தடங்களில் எடுக்கப்பட்ட இத்தகைய காணொளிகள் இணையத்தில் ஏராளமாக உள்ளன.

இதனால் என்ன பயன்? விடை சொல்லுமுன் நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"தொடர்வண்டிப் பயணம்" என்று தலைப்புக் கொடுத்தால் நம் பிள்ளைகள் என்ன எழுதுகிறார்கள்? "மரங்கள் பின்னோக்கி ஓடின." பத்துக் கட்டுரைகளைத் திருத்தினால் எட்டில் இவ்வரி இருக்கும். தொடர்வண்டியில் ஏறியே இராத பிள்ளையும் இதையே எழுதுகிறான். விடுமுறையில் பாட்டி வீட்டுக்குத் தொடர்வண்டியில் போய்வந்த பிள்ளையும் இதையே எழுதுகிறான். முதலாமவனை மன்னிக்கலாம். இரண்டாமவன் செய்தி அல்லவா நெஞ்சைச் சுடுகிறது! அவன் சன்னலோரம் அமர்ந்து எதையோ பார்த்திருப்பான். அதை எழுதாமல், பயிற்றி நூலில் படித்ததை எழுதினான். தான் கண்டதைவிட மனனம் செய்த வரியே உயர்ந்தது என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நாம்தான். நானும்தான். அவ்வரிக்குச் சிவப்பு மையில் சரி போட்ட கை இந்தக் கை.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. தேர்வு போனால் மனனமும் போகும் என்று நம்பினோம். போயிற்றா? இல்லையே! அழகிய தொடர்களைத் திரட்டிக் கொடுக்கும் பழக்கம் இன்றும் நம்மை விடவில்லை.

அதனால்தான் வடஇங்கிலாந்தின் செட்டில் என்னும் சிற்றூரிலிருந்து கார்லைல் நகருக்குச் செல்லும் தடத்தைக் காட்டினேன். ஏறத்தாழ 116 கிலோமீட்டர். 1876இல் பயணிகளுக்குத் திறக்கப்பட்ட தடம் இது. தொடக்கப் பகுதியில் பெரும்பாலும் நூறு அடிக்கு ஓரடி என்ற கணக்கில் ஏற்றம். நீராவிக் காலத்து இரயில்வேக்காரர்கள் இதற்கு "நெடிய இழுவை" என்று பெயரிட்டார்கள். அப்பகுதியை மட்டுமே வகுப்பில் ஓடவிட்டேன்.

ஐந்து நிமிடம் பிள்ளைகள் நெளிந்தார்கள். பிறகு ஒரு மாணவி கையை உயர்த்தினாள். "ஐயா, மரங்கள் பின்னோக்கி ஓடவில்லையே! முதலில் சின்னதாக நின்றுகொண்டிருக்கின்றன. பக்கத்தில் வந்ததும் இரண்டு பக்கமும் விலகிக்கொள்கின்றன."

உண்மைதானே! பக்கச் சன்னலில் அமர்ந்த பயணிக்குத்தான் மரம் பின்னோக்கி ஓடும். முன்னே பார்த்து அமர்ந்திருக்கும் ஓட்டுநருக்கு எல்லாம் எதிர்கொண்டு வரும். இடம் மாறியதும் மனனம் செய்த வரி பொய்த்துப் போயிற்று. அந்தப் பிள்ளை தன் சொல்லைத் தானே தேட வேண்டியதாயிற்று. ஓராண்டுக் கட்டுரைப் பாடத்தில் நான் செய்ய முடியாததை அந்தத் தண்டவாளம் செய்தது.

அத்தடத்தில் ரிபிள்ஹெட் பாலம் புகழ்பெற்றது. 24 வளைவுகள், 400 மீட்டர் நீளம், 32 மீட்டர் உயரம். நாட்காட்டிப் படங்களில் அது கம்பீரமாக நிற்கும். ஓட்டுநர் அறையிலிருந்து பார்த்தால்? ஒரு வளைவும் தெரியாது! "பாலம் வரும் என்றீர்களே, எங்கே ஐயா?" என்றான் ஒருவன். நான் விடை சொல்லவில்லை. மீண்டும் ஓடவிட்டேன். இரண்டு தடங்கள் ஒன்றாகின்றன என்று ஒருத்தி கண்டாள். வண்டி மெதுவாகிறது என்றான் இன்னொருவன். இரு பக்கமும் தரையைக் காணோம், வானம்தான் இருக்கிறது என்றான் மற்றொருவன். பாலத்தைப் பாராமலே அது பாலம் என்று அவர்கள் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் அதன் படத்தைக் காட்டினேன். படத்தை முதலில் காட்டியிருந்தால் "வானளாவிய பாலம்" என்று எழுதிவிட்டு எழுதுகோலை மூடியிருப்பார்கள்.

"இதை யார் கட்டினார்கள்?" என்ற கேள்வியும் வந்தது. ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளர்கள் 1870களில் அந்தக் குளிர்ந்த சதுப்பு நிலத்தில் குடிசை போட்டுத் தங்கிக் கட்டினார்கள். விபத்திலும் பெரியம்மையிலும் மாண்டவர்கள் பலர் அருகிலுள்ள தேவாலயத்துக் கல்லறையில் உறங்குகிறார்கள். 1980களில் இப்பாலத்தைச் செப்பனிடும் செலவைக் காரணம் காட்டித் தடத்தையே மூட முயன்றார்கள். மக்கள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட எதிர்ப்பு மனுக்களைக் குவித்தார்கள். 1989இல் அரசு பணிந்தது. அந்தத் தடத்தைக் கண்ணால் கண்டு நேசித்தவர்கள் இருந்தார்கள், அது பிழைத்தது.

"எதுவும் நடக்காத படம்" என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் ஓட்டுநரின் தொழில். பிரித்தானியாவில் ஒரு தடத்தை முழுமையாகக் கற்றுத் தேறாத ஓட்டுநர் அதில் தனியாக வண்டி ஓட்ட முடியாது. எங்கே ஏற்றம், எங்கே இறக்கம், எந்த வளைவுக்குப் பின் எந்தக் கைகாட்டி என்பதெல்லாம் இருளிலும் மூடுபனியிலும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இத்தகைய காணொளிகளை அவர்களின் பயிற்சியிலும் பயன்படுத்துகிறார்கள். கைகாட்டி எச்சரிக்கை காட்டினால் அறையில் ஓர் ஒலி எழும். உடனே அவர் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தத் தவறினால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். 1952இல் ஹாரோ நிலையத்தில் 112 உயிர்களைப் பறித்த விபத்துக்குப் பிறகே இவ்வமைப்பை விரைந்து பரப்பினார்கள். ஆக, நம் பிள்ளை சோம்பலாகப் பார்க்கும் அக்காட்சியை ஒருவர் உயிரைக் கண்ணில் வைத்துப் பார்த்திருக்கிறார்.

"இதுவும் ஒரு திரைதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உறங்குவதற்குத் தாலாட்டாகவும், பிள்ளை தொல்லை தராமலிருக்கப் பொம்மையாகவும் இதை ஓடவிடுவீர்களானால், வேண்டாம், மூடிவிடுங்கள்! பதினைந்து நிமிடம் போதும். பக்கத்தில் அமருங்கள். "என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். கேள்வியில்லாத காணொளியால் பயனில்லை.

"நம் நாட்டுத் தடம் இல்லையா?" என்றும் கேட்கலாம். உண்டு. அடுத்து அதைத்தான் பார்க்கப் போகிறோம். ஆனால் தென்னைக்கும் செம்பனைக்கும் நம் பிள்ளைகளிடம் ஆயத்த வரிகள் இருக்கின்றன. சாந்து பூசாமல் கல்லை அடுக்கியே கட்டிய வேலிச் சுவர்கள் மலைமேல் ஏறிப்போகும் காட்சிக்கு எந்தப் பயிற்றியிலும் வரி இல்லை. அதற்காகவே அங்கிருந்து தொடங்கினேன்.

1950களில் பி.பி.சி. இலண்டனிலிருந்து பிரைட்டன் வரையிலான ஒரு மணி நேரப் பயணத்தை ஓட்டுநர் அறையிலிருந்து படமாக்கி, நான்கு நிமிடமாகச் சுருக்கி ஓடவிட்டது. அன்று அது வேடிக்கை. இன்று நாம் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் அப்படித்தான் கொடுக்கிறோம். நூலுக்குச் சுருக்கம், பாடத்துக்குக் குறிப்பு, பயணத்துக்கு மாதிரிக் கட்டுரை. வழியை வெட்டிவிட்டு ஊரை மட்டும் கையில் கொடுத்தால் பிள்ளை எதை எழுதுவான்?

அந்தத் தந்தையாரின் மகன் அன்று எழுதிய கட்டுரை ஒன்பதே வரி. இரண்டு சந்திப்பிழை. அதில் ஒரு வரி: "குகைக்குள் போனதும் ஒன்றும் தெரியவில்லை, பிறகு அரிசி மணி போல ஒரு வெளிச்சம் தெரிந்தது, ரொம்ப நேரம் அது பெரிசாகவே இல்லை."

மாதிரிக் கட்டுரைகளில் இவ்வரியை நான் கண்டதில்லை. பிழையைத் திருத்தினேன். வரியைத் தொடவில்லை. அந்தக் கட்டுரையை அவன் தந்தையாரிடம் காட்டினேன். இருமுறை படித்துவிட்டு, "இவனா எழுதினான்?" என்றார்.

ஆம் ஐயா, அவனேதான் எழுதினான். நாம் கொஞ்ச நேரம் அவனைப் பார்க்கவிட்டோம், அவ்வளவே.

சிந்திப்போம் அன்பர்களே! நம் பிள்ளைகளின் கண்களை அவர்களிடமே திருப்பிக் கொடுப்போம்.