தங்கச் சிறகு யாருக்கு?

அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளில் 'கோல்ட் விங்' என்றொரு மோட்டார் சைக்கிள் ஓடுகிறது. தங்கச் சிறகு என்று பொருள். ஜப்பானின் ஹோண்டா கம்பெனி 1974-ல் அறிமுகப்படுத்தியது. இன்றைய வண்டிக்கு ஆறு சிலிண்டர் எஞ்சின். எடை சுமார் 380 கிலோ. இரண்டு பஞ்சுப் பேல்களைவிட அதிகம்!

வைத்திருப்போர் என்ன சொல்கிறார்கள்? நாள் முழுதும் ஓட்டினாலும் முதுகு நோவதில்லை, செயினுக்கு எண்ணெய் போடும் தொல்லையில்லை என்று புகழ்கிறார்கள். சாய்ந்துவிட்டால் நிமிர்த்துவது பெரும்பாடு என்கிறார்கள். 2018-ல் பின்பெட்டி சிறுத்துவிட்டதென்று குறைப்பட்டார்கள். 2021-ல் கம்பெனி அதை 61 லிட்டராகப் பெரிதாக்கியது.

நல்ல வண்டிதான், மறுக்கவில்லை. உழைத்து ஓய்ந்த உடம்புக்கும் நோகாத பயணம் வேண்டாமா? ஆனால் விலை 25 ஆயிரம் டாலருக்கு மேல்! அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியோ மணிக்கு 7.25 டாலர். 2009-ல் அமலுக்கு வந்தது, பதினைந்து ஆண்டு கடந்தும் உயரவில்லை. அந்தக் கூலிக்காரர் ஒரு வேளைகூடச் சாப்பிடாமல் 3,400 மணி நேரம் உழைத்தாலும் வண்டி கைக்கு வராது.

பெட்டிக் குறை மூன்றே ஆண்டில் தீர்ந்தது. கூலிக் குறை? தோழர்களே! வாங்குகிறவன் முணுமுணுத்தாலே முதலாளிக்குக் கேட்கிறது. உழைக்கிறவன் குரல் கேட்க வேண்டுமானால், அது ஒன்றுபட்ட குரலாக இருக்க வேண்டும்.