முகத்துவாரத்தின் மண்வெட்டி யார் கையில்?

வானம் மாறிவிட்டது. மாரி மழை காலந்தவறி வருகிறது; வந்தால் சில நாட்களில் கொட்டித் தீர்க்கிறது; ஓய்ந்தால் வயல் வெடிக்கிறது. முன்மாரி விதைப்பை நம்பிய படுவான்கரை உழவன் வானத்தையும் நம்ப இயலாது, ஆட்சியையும் நம்ப இயலாது தவிக்கிறான். வானத்தைத் திருத்துவது நம் கையில் இல்லை. ஆட்சியைத் திருத்துவது நம் கையில் உண்டு. ஆகவே ஆட்சியைப் பற்றிப் பேசுவோம்.

காலநிலை மாற்றத்துக்கு இயைந்து வாழ்வதற்கென 2016 முதல் 2025 வரைக்குமான தேசியத் திட்டமொன்றைக் கொழும்பு வகுத்தது. உணவு, நீர், கரையோரம், சுகாதாரம் என ஒன்பது துறைகளை அது ஆராய்ந்தது. அந்த ஏட்டைப் பழிப்பது நம் நோக்கமன்று. நாம் கேட்பது ஒன்றே: அதனைக் கிழக்கு மண்ணில் நடைமுறைப்படுத்த மக்கள் சபை எங்கே? கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30ஆம் நாள் முடிந்தது. 2025 முடியும்வரை தேர்தல் நடக்கவில்லை. ஆளுநர் ஒருவர், அவரின்கீழ் அதிகாரிகள் சிலர், மக்களின் குரல் மட்டும் இல்லை. தலையில்லாத உடலுக்குத் தலைப்பாகை தைப்பதற்குத் திட்டமிடல் என்று பெயரா?

இது வெறும் அரசியற் கூச்சல் என்பார் உளர். அவர்களை மட்டக்களப்பு வாவிக் கரைக்கு அழைக்கிறோம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவி, வடக்கே பாலமீன்மடுவிலும் தெற்கே கல்லாற்றிலும் கடலோடு கலக்கிறது. கோடையில் அலைகள் மணலைக் குவித்து வாயை அடைக்கின்றன. மாரியில் ஆறுகள் பெருகி, குளங்களின் வான்கதவுகளும் திறக்க, வாவி நிறைந்து தாழ்ந்த வயல்களில் ஏறுகிறது. அப்போது மணல்மேட்டை வெட்டவேண்டும். எந்நாளில் வெட்டுவது? பிந்தினால் நெல் அழுகும், குடிமனை மூழ்கும். முந்தினால் நன்னீர் வீணே கடலுக்குப் போகும், உவர் உள்ளேறும், நீர் வற்றி மீனவன் வலை வெறுமையாகும். கடல்மட்டம் உயர உயர, வெள்ளம் வடிவது மந்தமாகும்; உப்பு ஏறுவது விரைவாகும்; எழுவான்கரைக் கிணறுகளும் தப்பா.

இக்கணக்கைப் பொறியியலாளர் தனித்துத் தீர்க்க முடியாது. நீர்மட்டத்தை அவர் அளந்து சொல்லலாம். எவருடைய இழப்பை எவர் தாங்குவது என்று அவர் தீர்ப்பளிக்க முடியுமா? அது மக்கள் மன்றம் தீர்க்கவேண்டிய வழக்கு. இன்றோ, வெள்ளம் கழுத்துக்கு வந்தபின் மாவட்டச் செயலகத்தில் கூட்டம் கூடுகிறது. மாவட்டச் செயலாளர் மத்திய அரசுக்குப் பொறுப்புக் கூறுபவர். கரையோரம் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் மத்திய திணைக்களத்தின் வசம். உன்னிச்சை போன்ற பெருங்குளம் மத்திய நீர்ப்பாசனத் திணைக்களத்தின் வசம். கமத்தொழிலோ மாகாண சபைப் பட்டியலில். ஒரே நீர் குளக்கதவில் ஒருவருக்கும், வயலில் மற்றொருவருக்கும், முகத்துவாரத்தில் மூன்றாமவருக்கும் உரியதாகிறது. வெள்ளத்துக்கு இந்தப் பாகப்பிரிவினை தெரியுமா?

தெரியாது என்பதை மும்முறை கண்டோம். 1978 நவம்பர் 23இன் சூறாவளி ஏறத்தாழ ஆயிரம் உயிர்களைக் குடித்தது. 2004 டிசெம்பர் 26இல் கடலே ஊருக்குள் வந்தது. 2011 சனவரி வெள்ளத்தில் பாதிப்புற்றோர் பத்து இலட்சத்துக்கும் மேல். அவர்களுள் பெரும்பாலோர் கிழக்கு மாகாணத்தவர். ஒவ்வொரு முறையும் நிவாரணப் பொதி வந்தது. அதிகாரம் வரவில்லை.

அயலகத்தைப் பாருங்கள். ஒடிசாவின் சிலிக்கா ஏரியும் கடலோடு கலக்கும் உவர்நீர் ஏரியே. அதன் வாய் தூர்ந்து மீன்வளம் குன்றியபோது, மாநில அரசு தில்லியின் வாயைப் பார்த்துக் காத்திருக்கவில்லை. 1990களின் தொடக்கத்திலேயே தனி அதிகாரசபை அமைத்தது, ஆய்வு செய்தது, 2000ஆம் ஆண்டில் புதிய வாயொன்றை வெட்டிற்று. மீன்வளம் மீண்டது. அங்கே மாநிலத்துக்கு அதிகாரம் இருந்தது. அதனைப் பயன்படுத்தும் எண்ணமும் இருந்தது.

நம்மவரையும் விட்டுவைப்பதற்கில்லை. 2008 முதல் 2017 வரை சபை இருந்ததே, வாவிக்கென ஓர் அதிகாரசபை பிறந்ததா? அதிகாரம் குறைவு என்பது மெய். குறைந்த அதிகாரத்தையும் உறங்கவிட்டது அதனினும் கொடிய மெய். அமைச்சுப் பதவிக்காகத் தமிழரும் முஸ்லிம்களும் மல்லுக்கு நின்ற காலத்தில் இருசாராரின் வயலிலும் ஒரே வெள்ளமே ஏறிற்று.

ஆகவே கேட்கிறோம். மாகாண சபைத் தேர்தலை நடத்துக. வாவிக்கும் அதில் விழும் ஆறுகளுக்கும் ஒரே அதிகாரசபையை நியதிச்சட்டத்தால் நிறுவுக. மத்திய அரசின் அதிகாரம் குறுக்கே நின்றால் அதனைப் பகிர்ந்தளிக்குக. கமக்காரர், மீனவர், பொறியியலாளர், உள்ளூராட்சி உறுப்பினர் அதில் சரிசமமாக அமர்க. எந்த நீர்மட்டத்தில் முகத்துவாரம் வெட்டப்படும் என்பதை மாரி தொடங்குமுன் எழுதி ஊரறிய வெளியிடுக. விதியின்படி வெட்டியதால் இழப்புற்றவனுக்கு ஈடு வழங்குக. கண்டற்காடுகளை அழித்து வாவியோரத்தை நிரப்புவோர் எவராயினும் தடுத்து நிறுத்துக.

வயற்காரன் வெள்ளம் வருமுன்னே வரம்பு கட்டுவான். ஆளுவோருக்கு அந்த அறிவு வரவில்லையெனில், வரவைப்பது நம் கடன். கற்றோர் கணக்கோடு வருக. கமக்காரர் மண்வெட்டியோடு வருக. வாவி நம்முடையது, அதன் வாயைத் திறக்கும் உரிமையும் நம்முடையதே.