‘நெட் ஸ்லோ’ என்பது போதுமான புகாரா?

கடந்த பருவத்தின் ஆய்வு ஆலோசனைக் குழுக் கூட்டத்தில் என் முகம் திரையில் உறைந்து நின்றது. குரலும் துண்டு துண்டாகவே போய்ச் சேர்ந்தது. "இணைப்பைச் சரிசெய்துகொண்டு மீண்டும் வாருங்கள்" என்று குழுவினர் கனிவாகவே கூறினர். ஆனால் முன்னேற்ற அறிக்கையில் "முன்வைப்பு நிறைவுறவில்லை" என்றொரு வரி பதிவாகிவிட்டது. முனைவர் பட்ட ஆய்வாளர் ஒவ்வொரு பருவத்திலும் குழுவின்முன் தம் பணியை முன்வைக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. அந்த முன்வைப்பைத் தாங்கும் கம்பிக்கு யார் பொறுப்பு என்பதை எந்த ஒழுங்குமுறையும் கூறுவதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

என் வீடு சித்தூர் மாவட்டம் கங்காதர நெல்லூரில் உள்ளது. வீட்டு இணைப்பு நொடிக்கு 50 மெகாபிட் அளவுடையது. ஒரு நாள் காலை அது 3 மெகாபிட்டாகச் சுருங்கியது. பதினொரு நாள்கள் அப்படியே நீடித்தது. புகார் மையத்தை அழைத்த ஒவ்வொரு முறையும் ஒரே மறுமொழி கிடைத்தது: "ரூட்டரை அணைத்துவிட்டு மீண்டும் போடுங்கள்." ஒருமுறை என் புகார் வெகு தொலைவிலுள்ள நெல்லூர் நகரத்துப் பணியாளருக்குச் சென்று சேர்ந்தது. ஊர்ப்பெயரின் முற்பாதியைப் படிவம் விழுங்கிவிட்டிருந்தது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, படிவத்தில் ஆங்கிலம் என வாழும் எல்லைப்புறத்தாருக்கு இது புதிதன்று.

மொழியியல் மாணவர் என்ற முறையில் முதலில் என்னை உறுத்தியது ‘வேகம்’ என்னும் சொல்தான். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. இணைப்பு நன்றாக இருக்கும்போதும் கெட்டிருக்கும்போதும் அதன் வேகம் ஒன்றே. குறைவது ஒரு நொடியில் வந்துசேரும் தரவின் அளவு. மதகில் நீர் குறைந்தால் ஏரி வற்றியதா, கால்வாய் தூர்ந்ததா, மேல்மடைக்காரர் திருப்பிக்கொண்டாரா என்று உழவர் மூன்று கேள்விகளைக் கேட்பார். நாமோ ‘நெட் ஸ்லோ’ என்ற ஒற்றைத் தொடரோடு நின்றுவிடுகிறோம். அத்தொடரில் இடம் இல்லை, நேரம் இல்லை, அளவு இல்லை. எனவே அதற்கு வரும் மறுமொழியும் ஒற்றைத் தொடராகவே இருக்கிறது.

ஒலியனியலில் முதலாண்டிலேயே ஓர் எளிய முறையைக் கற்கிறோம். ‘வலி’, ‘வளி’ என ஓர் ஒலி மட்டும் வேறுபடும் சொல் இணையை எடுத்துக்கொள்வோம். மற்றவை அனைத்தும் ஒத்திருப்பதால், பொருள் வேறுபாட்டுக்கு அந்த ஓர் ஒலியே காரணம் என்று துணிவோம். இரண்டு ஒலிகளை ஒருசேர மாற்றினால் எதையும் துணிய முடியாது. பழுது காண்பதும் இதே முறைதான். ரூட்டரை அணைத்து, வைஃபை கடவுச்சொல்லை மாற்றி, மடிக்கணினியையும் மறுதொடக்கம் செய்தபின் இணைப்பு சீரானால் நாம் கற்றுக்கொள்வது ஒன்றுமில்லை. மறுவாரம் அது மீண்டும் கெடும்.

ஆகவே ஒவ்வொன்றாக மாற்றினேன். வைஃபையை விடுத்துக் கம்பி வழியே மடிக்கணினியை இணைத்தேன். அப்போதும் 3 மெகாபிட்தான். ஆகவே அலைவரிசை நெரிசலோ தடித்த சுவரோ காரணமன்று. அதே கம்பியில் வேறொரு கணினியைப் பொருத்தினேன். மாற்றமில்லை, எனவே என் கணினி குற்றமற்றது. விடியற்காலை நான்கு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் அளந்தேன். இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. பலர் ஒருங்கே பயன்படுத்துவதால் வரும் நெரிசலாயின் விடியலில் அளவு உயர்ந்திருக்க வேண்டும். அதே நிறுவனத்தின் இணைப்புள்ள பக்கத்து வீட்டில் 48 மெகாபிட் வந்தது. ஆகவே பழுது எங்கள் இருவருக்கும் பொதுவான பாதையில் இல்லை. என் வீட்டுக்கெனப் பிரியும் இழையில்தான்.

இறுதியாக ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில், வந்துசேரும் ஒளியின் வலிமையைப் பார்த்தேன். அது −29 டிபிஎம். வீடுகளில் பரவலாகப் பொருத்தப்படும் ஃபைபர் பெட்டிகளுக்கு −27 வரைதான் தாங்குதிறன். அதற்குக் கீழே போனால் தரவு பிழையாக வரும், பிழையானது மீண்டும் மீண்டும் அனுப்பப்படும், அளவு சரியும். இழையைத் தொடர்ந்து வெளிச்சுவருக்குப் போனேன். வெள்ளையடித்தவர் தூரிகைக்கு இடையூறாக இருந்த கம்பியை மடக்கி, ஜன்னல் கிராதியில் இறுகக் கட்டியிருந்தார். கூர்மையாக வளைந்த இழையில் ஒளி வெளியே கசிந்துவிடும். கட்டை அவிழ்த்தவுடன் −21. அளவு 48 மெகாபிட்.

ஆம், தவறு எங்கள் வீட்டில்தான் நிகழ்ந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்த −29 என்னும் எண் பதினொரு நாள்களும் அந்தப் பெட்டியிலேயே இருந்தது. அதைப் படிக்குமாறு ஒருவரும் என்னிடம் கூறவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

காரணத்தை ஊகித்துக்கொண்டு பொருளை மாற்றுவது எவ்வளவு வீண் என்பதற்கு வேல்ஸ் நாட்டின் அபர்ஹோசன் சிற்றூர் சான்று. அங்கே ஏறத்தாழ 18 மாதங்கள், நாள்தோறும் காலை 7 மணிக்கு ஊர் முழுவதும் பிராட்பேண்ட் சரிந்தது. கம்பிகளை மாற்றியும் பயனில்லை. பொறியாளர்கள் அலைமானியுடன் தெருத்தெருவாக நடந்தபோதுதான், ஒரு வீட்டில் காலையில் போடப்படும் பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் மின்னிரைச்சலே காரணம் என்று 2020இல் தெரியவந்தது. ‘காலை 7 மணி’ என்ற அந்த நேரக்குறிப்பே துப்பு.

எல்லாச் சரிவுகளும் வீட்டுச் சுவரில் முடிவதில்லை. 2025 செப்டம்பரில் செங்கடலில் ஜெத்தா அருகே கடலடிக் கம்பிகள் அறுந்தபோது இந்தியாவிலும் இணையம் தளர்ந்தது. அத்தகைய நாளில் உள்நாட்டுத் தளங்கள் விரைந்து திறக்க, வெளிநாட்டு ஆய்விதழ்கள் மட்டும் திணறக்கூடும். அந்த வேறுபாட்டைக் கவனித்தால் ரூட்டரைக் குறைகூறாமல் இருக்கலாம்.

ஆய்வாளருக்கு இதில் என்ன இழப்பு என்று கேட்கலாம். ஒரு கணக்கு. களஆய்வில் ஒரு மணிநேரப் பேச்சை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இருதடப் பதிவாக எடுத்தால் ஏறத்தாழ 1 ஜிகாபைட் ஆகும். அதை நொடிக்கு 40 மெகாபிட்டில் அனுப்ப மூன்றரை நிமிடங்கள் போதும். 2 மெகாபிட்டில் அனுப்ப 69 நிமிடங்கள் ஆகும். அதாவது பாட்டி ஒருவர் கதை சொல்லி முடித்த நேரத்தைவிட அதை அனுப்பும் நேரம் நீளும். இந்தியாவில் 2004இல் 256 கிலோபிட், 2013இல் 512 கிலோபிட், 2023 முதல் 2 மெகாபிட் என ‘பிராட்பேண்ட்’ என்பதன் வரையறை உயர்ந்துள்ளது. ஆனால் அந்த 2 மெகாபிட்டும் பதிவிறக்கத்துக்கே உரியது. பெறுபவராகவே குடிமகனைக் கருதும் வரையறை அது. தரவைச் சேகரித்து அனுப்பும் ஆய்வாளர் அதில் இல்லை.

ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு மூன்றாண்டுகளுக்கென 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டு, ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறக்கப்பட்டுள்ளன. வரவேற்கிறேன். ஆனால் நூலகத்தின் கதவைத் திறந்துவிட்டு, அதற்குச் செல்லும் பாதையைத் தனியாள் பொறுப்பாக விடுவது அரைகுறை நீதி. மாணவியொருவரின் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் 2019இலேயே இணைய அணுகலைக் கல்வி உரிமையின் பகுதியாகக் கண்டது. பல்கலைக்கழகங்கள் இன்னும் அதை ஆய்வாளரின் சொந்த வசதியாகவே காண்கின்றன.

என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. புகார்ப் படிவத்தில் ‘வேலை செய்கிறது’, ‘வேலை செய்யவில்லை’ என்ற இரண்டுக்கும் இடையே ஒரு கட்டம் வேண்டும். ஒளியின் வலிமையை நிறுவனங்களின் செயலி தமிழிலும் தெலுங்கிலும் காட்ட வேண்டும். வரையறையில் பதிவேற்றமும் இடம்பெற வேண்டும். இணைப்பு முறிந்த ஆய்வாளரின் பதிவுசெய்த முன்வைப்பை ஆலோசனைக் குழு ஏற்க வேண்டும்.

நம் பங்கும் உண்டு. கம்பி வழியே, குறித்த நேரத்தில், ஒரு வாரம் அளந்து எழுதிவையுங்கள். புகார் எண்ணைத் தவறாமல் பெறுங்கள். தீர்வு கிட்டாவிடில் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். 39 நாள்களுக்குள் அவர் முடிவளிக்க வேண்டும் என்பது டிராய் 2012இல் வகுத்த விதி, கட்டணம் கிடையாது. அந்தக் கடிதத்தில் ‘நெட் ஸ்லோ’ என்று எழுதாமல் எண்களை எழுதுங்கள்.

எல்லைப்புற ஊர்களிலும் சிற்றூர்களிலும் இருந்து ஆய்வு செய்வோர், தங்கள் அளவீடுகளைக் கீழே பகிர்ந்தால் அவற்றைத் தொகுத்து எங்கள் துறைக்கு ஒரு விண்ணப்பமாக அளிக்க எண்ணியுள்ளேன். ஊர்ப்பெயரை முழுமையாக எழுத மறவாதீர்கள்.