தாளம் யார் சொத்து?

ராக் டிரம்மர்கள் யார் யார் என்று கேளுங்கள். நம் பிள்ளைகள்கூட மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள்: ரிங்கோ ஸ்டார், கீத் மூன், ஜான் போன்ஹாம். யார் லுட்விக் டிரம் வைத்திருந்தார் என்பதுவரை தெரியும். எர்ல் பாமர் என்று சொல்லிப் பாருங்கள். "யார் அது?" என்பார்கள்.

இந்த மறதி தானாக வந்ததல்ல என்கிறோம் நாங்கள்.

பாமர் 1924-இல் நியூ ஆர்லியன்ஸில், கறுப்பர்கள் வாழ்ந்த ட்ரெமே பகுதியில் பிறந்தவர். ஐந்து வயதில் தாயோடு மேடையேறி டாப் நடனம் ஆடினார். தாளம் முதலில் அவர் காலில்தான் ஏறியது. அதோடு தெரு ஊர்வலங்களின், சவ ஊர்வலங்களின் இசை. சாவுக்கு வாசிப்பது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். ஆனால் அங்கே அது அந்தச் சமூகம் தன் ஆளுக்குச் செய்த மரியாதை. இங்கே அடுத்தவர் வீட்டுச் சாவுக்கு நம்மீது ஏவப்பட்ட வேலை. இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்ள நாங்கள் தயாரில்லை.

அந்த நாட்டிலும் டிரம் சும்மா கிடைத்துவிடவில்லை. 1739-இல் தென் கரோலினாவின் ஸ்டோனோவில் அடிமைகள் டிரம் முழங்கக் கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டே அடிமைகள் டிரம் வைத்திருப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அப்படித் தடுக்கப்பட்ட மக்களின் வாரிசுதான் 1949-இல் ஃபேட்ஸ் டாமினோவின் 'த ஃபேட் மேன்' பாட்டில் இரண்டாம், நான்காம் தட்டுகளை விடாமல் ஓங்கி அடித்தார். ராக் இசையின் முதுகெலும்பு அந்த அடிதான். (அன்று டிரம்மில் பூட்டியது கன்றுத்தோல். பிளாஸ்டிக் வந்தது 1950களின் கடைசியில். மாட்டுத்தோல் என்றாலே முகம் சுளிப்பவர்கள் கவனிக்க.) பிறகு லிட்டில் ரிச்சர்டின் வலதுகை பியானோவில் எட்டெட்டாக ஓடுவதைக் கேட்டு, பழைய ஷஃபிள் நடையை விட்டுவிட்டு நேராக ஓடினார். இன்று எந்த ராக் டிரம்மர் உட்கார்ந்தாலும் முதலில் அடிப்பது அந்த நடையைத்தான்.

பலன் யாருக்குப் போனது? 1955-இல் பாமர் வாசித்து லிட்டில் ரிச்சர்ட் பாடிய 'டுட்டி ஃப்ரூட்டி' பாப் பட்டியலில் 17-ஆம் இடம்வரை ஏறியது. அதையே வெள்ளைக்காரர் பேட் பூன் நகலெடுத்துப் பாடினார்: 12-ஆம் இடம். இசைக்கு நிறமில்லை என்று பாடம் எடுப்பவர்கள் இந்த இரண்டு எண்களுக்கும் விளக்கம் சொல்லட்டும்.

பாமருக்குக் கிடைத்தது அன்றன்றைய ஒலிப்பதிவுக் கூலி. காப்புரிமை சொல்லுக்கும் மெட்டுக்கும்தான். தாளத்தைக் கண்டுபிடித்தவனுக்குப் பங்கில்லை. ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பதிவில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் வாசித்த சில நொடிகளை வெட்டி ஒட்டி எத்தனையோ ராப் பாடல்கள் சம்பாதித்தன. அவருக்கு அதில் உரிமை எதுவும் இல்லை. உழைப்பு ஒருவருக்கு, பட்டா இன்னொருவருக்கு. இந்தக் கணக்கை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1957-இல் லாஸ் ஏஞ்சலஸ் போன பாமர் அங்கும் மற்றவர்கள் பெயர் வாங்கிய பாட்டுகளுக்கு வாசித்துக்கொண்டே இருந்தார். இசைக் கலைஞர்களின் தொழிற்சங்கத்தில் பொருளாளராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அது எங்களுக்குப் பிடித்த செய்தி. ராக் அண்ட் ரோல் புகழ் மன்றம் 2000-இல்தான் அவரைச் சேர்த்துக்கொண்டது. அதுவும் பக்கவாத்தியக்காரர்களுக்கென்று புதிதாகத் திறந்த தனி வரிசையில். அந்த வரிசையில் வெள்ளையரும் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் பாமர் வாசித்தது பக்கவாத்தியமா?

அடுத்தமுறை டிரம்மர்கள் பட்டியல் போடுகிறவர்கள் 1949-இலிருந்து, நியூ ஆர்லியன்ஸிலிருந்து தொடங்கட்டும்.