பெயர்ப்பட்டியலுக்கு வெளியே: பழைய ஹாலிவுட்டின் குணச்சித்திர நடிகர்கள்

1942-இல் எடுக்கப்பட்ட 'காசாபிளாங்கா' திரைப்படத்தில் மிகச் சிறிய காட்சி ஒன்று உண்டு. அமெரிக்காவுக்குப் புறப்படவிருக்கும் முதிய தம்பதியர், அங்கே வாழ்வதற்கான பயிற்சியாகத் தங்களுக்குள் ஆங்கிலத்திலேயே பேசிக்கொள்கின்றனர். மணி என்ன என்று கேட்க வேண்டிய கணவர் 'கடிகாரம் என்ன' என்ற பொருள்படக் கேட்கிறார். மனைவியும் அதே பிழையோடு விடை சொல்கிறார். ஜெர்மன் மொழியில் மணிக்கும் கடிகாரத்துக்கும் ஒரே சொல் வழங்குவதால் நேரும் பிழை இது. பார்வையாளர்கள் சிரித்துவிட்டு அடுத்த காட்சிக்கு நகர்ந்துவிடுகின்றனர். கணவராக நடித்தவர் லுட்விக் ஸ்டோசல். மனைவியாக நடித்தவர் இல்கா க்ரூனிங். இருவரும் ஜெர்மன் மேடையில் தேர்ந்தவர்கள். க்ரூனிங் பெர்லினில் புகழ்பெற்ற நடிப்புப் பள்ளி ஒன்றை நடத்தியவர். நாஜிகளின் எழுச்சியால் புலம்பெயர்ந்து வந்த இவ்விருவரின் பெயரும் படத்தின் பெயர்ப்பட்டியலில் இல்லை.

பழைய ஹாலிவுட்டின் துணை நடிகர்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 'முகம் தெரியும், பெயர் தெரியாது' என்னும் கனிவான வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வர். காலம் செல்லச் செல்லச் சிறு வேடங்கள் மறக்கப்படுவது இயல்பு என்ற எண்ணம் அவ்வாக்கியத்துக்குள் இருக்கிறது. அந்த எண்ணம் மறுபரிசீலனைக்கு உரியது. யார் நாயகர், யார் துணை, யாருடைய பெயர் திரையில் வர வேண்டும் என்பவற்றைத் திறமை மட்டும் முடிவு செய்யவில்லை. உச்சரிப்பு, நிறம், ஒப்பந்தம் ஆகிய மூன்றும் அம்முடிவில் பங்கேற்றன. ஸ்டூடியோ வரைந்த அந்த வரிசையையே திரைப்பட ஆய்வும் தன் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளுமானால், ஆய்வின் பெயரால் நடப்பது அம்முடிவைப் படியெடுக்கும் பணியே ஆகும்.

முதலில் உச்சரிப்பு. மார்செல் தாலியோ பிரெஞ்சுத் திரையின் முன்னணி நடிகர். ழான் ரெனுவாரின் 'மாபெரும் மாயை' (1937), 'ஆட்டத்தின் விதி' (1939) ஆகிய இரு படங்களிலும் முக்கியப் பாத்திரங்களை ஏற்றவர். யூதரான அவர் 1940-இல் பாரிசை விட்டு வெளியேறினார். ஹாலிவுட் அவருக்குக் 'காசாபிளாங்கா'வில் தந்தது சூதாட்ட மேசைப் பணியாளர் வேடம். அதுவும் பெயர்ப்பட்டியலில் இடமின்றி. 'டாக்டர் கலிகாரி'யில் (1920) நடித்து உலகறிந்த கான்ராட் வெய்ட், யூத மனைவியுடன் 1933-இல் ஜெர்மனியை விட்டுச் சென்றவர். அவரும் இப்படத்தில் நாஜி அதிகாரியாகவே வருகிறார். எந்த ஆட்சியிடமிருந்து தப்பி வந்தார்களோ அந்த ஆட்சியின் சீருடையை அணிவதற்கே அவர்களுடைய உச்சரிப்பு பயன்பட்டது. தாய்மொழியில் நாயகனாக இருந்தவர் இன்னொரு மொழிக்குள் நுழைந்ததும் துணைப் பாத்திரமாகிறார் என்றால், 'துணை' என்பது கலைஞனின் தரத்தைக் குறிக்கும் சொல்லாக இருக்க முடியாது.

அடுத்தது நிறம். 1937-இல் வெளிவந்த 'நல்ல நிலம்' சீன உழவர் குடும்பத்தின் கதை. நாயகனும் நாயகியுமாக நடித்தவர்கள் பால் முனியும் லூயிஸ் ரெய்னரும். சீன வம்சாவளி நடிகையான அன்னா மே வாங்குக்கு அந்த நாயகி வேடம் கிட்டவில்லை. சீனாவில் பிறந்த கீ லூக்குக்கு மூத்த மகன் வேடம் கிடைத்தது. பிலிப் ஆனின் வரலாறு இன்னும் கடுமையானது. அவருடைய தந்தை ஆன் சாங்-ஹோ கொரிய விடுதலைப் போராட்டத் தலைவர். ஜப்பானிய ஆட்சியில் சிறைப்பட்டு, நலிவுற்று, 1938-இல் மறைந்தவர். மகனோ இரண்டாம் உலகப் போர்க்காலப் படங்களில் மீண்டும் மீண்டும் ஜப்பானிய வில்லனாக நடித்தார். 'கான் வித் தி விண்ட்' படத்துக்காக 1940-இல் ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞரான ஹாட்டி மெக்டேனியல், அவ்விருது விழாவில் தம் படக் குழுவினரோடு அமர இயலாமல் தனி மேசையில் அமர்த்தப்பட்டார். அப்படத்தின் முதல் திரையிடல் நடந்த அட்லாண்டாவுக்கு அவரால் செல்லவே முடியவில்லை.

மூன்றாவது, தொழிலின் அமைப்பு. துணை நடிப்புக்கான ஆஸ்கர் 1936-ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் முதன்முதலில் வழங்கப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் அவ்விருதைப் பெற்றவர்களுக்கு முழுச் சிலை கொடுக்கப்படவில்லை. சிறு பட்டயமே தரப்பட்டது. தெல்மா ரிட்டர் ஆறு முறை பரிந்துரைக்கப்பட்டும் ஒருமுறைகூட வெல்லவில்லை. அவருடைய முதல் திரைத் தோற்றமான 'மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்' (1947) படத்தில் அவர் பெயரே இடம்பெறவில்லை. தாமஸ் மிட்செல் 1939 என்னும் ஒரே ஆண்டில் 'ஸ்டேஜ்கோச்', 'கான் வித் தி விண்ட்', 'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்', 'ஒன்லி ஏஞ்சல்ஸ் ஹாவ் விங்ஸ்', 'தி ஹன்ச்பேக் ஆஃப் நோத்ர் தாம்' ஆகிய ஐந்து படங்களில் நடித்தார். அந்த ஆண்டை ஹாலிவுட்டின் பொன்னாண்டு என்று போற்றும் கட்டுரைகள் ஏராளம். அவற்றுள் மிட்செலை மையமாகக் கொண்டவை அரிது.

இவர்கள் கதைக்கு அணி சேர்த்தவர்கள் மட்டுமே என்று சொல்வது பொருந்தாது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் கதையை முடிக்க வேண்டிய ஸ்டூடியோ முறையில், ஒரு பாத்திரத்தை விளக்கப் பல காட்சிகளைச் செலவிட இடமில்லை. யூஜின் பாலெட்டின் கரகரத்த குரல் ஒலித்தாலே, ஃபிராங்க்ளின் பாங்போர்ன் பதற்றத்தோடு நிமிர்ந்தாலே, அந்த மனிதர் யார் என்பது பார்வையாளருக்கு விளங்கிவிடும். பல படங்களில் சேர்ந்த அறிமுகம் ஒரு நொடியில் வேலை செய்தது. இயக்குநர் பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ் இதை நன்கு உணர்ந்தவர். வில்லியம் டெமரெஸ்ட், பாங்போர்ன், ஜிம்மி கான்லின் முதலிய அதே முகங்களையே படத்துக்குப் படம் அவர் பயன்படுத்தினார். தம் முதல் வெற்றிகளுக்கு உழைத்தவர்களுக்கு அடுத்த படங்களிலும் உரிமை உண்டு என்பது அவர் நிலைப்பாடு.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். எந்தக் கதைக்கும் மையம் வேண்டும்; சில நொடி தோன்றியவரையெல்லாம் ஆய்வுப் பொருளாக்கினால் ஆய்வுக்கு எல்லையே இராது என்பது அம்மறுப்பு. அதில் நியாயம் உண்டு. ஒவ்வொரு துணை நடிகருக்கும் ஒரு வாழ்க்கை வரலாறு எழுத வேண்டும் என்று எவரும் கோரவில்லை. மையமும் விளிம்பும் எப்படி வகுக்கப்பட்டன என்ற கேள்வியை ஆய்வு தவிர்க்கக் கூடாது என்பதே கோரிக்கை. ஆண்ட்ரூ சாரிஸின் 1968-ஆம் ஆண்டு நூல் அமெரிக்கத் திரையை இயக்குநர்களின் வரிசையாக அடுக்கியது. ரிச்சர்ட் டையரின் 1979-ஆம் ஆண்டு நூல் நட்சத்திரத்தை ஆய்வுக்குரிய பொருளாக்கியது. இரண்டும் தேவையான பணிகளே. ஆயினும் இயக்குநர், நட்சத்திரம் என்ற இரு தலைப்புகளுக்குள் அடங்காத பெருங்கூட்டம் வகுப்பறைக்கு வெளியே நின்றுவிட்டது. அவர்களின் பெயர்களைத் தேடித் தொகுத்த உழைப்பில் பெரும்பங்கு ஆர்வலர்களுடையது.

இந்தியப் பல்கலைக்கழகங்களில் திரைப்படத்தையும் மொழியையும் ஊடகத்தையும் ஆராய்வோருக்கு இது தொலைவில் உள்ள பொருளாகத் தோன்றலாம். ஆனால் மூலங்கள் எட்டாதவை அல்ல. அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் இணையப் பட்டியல் திரையில் பெயர் வராத நடிகர்களையும் பதிவு செய்கிறது. ஊடக வரலாற்று மின்நூலகத்தில் அக்காலத் தொழில்முறை இதழ்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. புலம்பெயர்ந்த நடிகரின் உச்சரிப்பு எந்தெந்த வேடங்களுக்கு ஒதுக்கப்பட்டது, கறுப்பின நடிகையருக்கு எழுதப்பட்ட உரையாடல்களின் மொழிநடை எப்படி இருந்தது, ஒரே நடிகரின் பெயர் எந்த ஆண்டில் பட்டியலுக்குள் வந்தது போன்ற கேள்விகள் ஒவ்வொன்றும் முனைவர் பட்ட ஆய்வுக்குப் போதுமானவை. திரைப்படத் தரவுகளைக் கணினி கொண்டு எண்ணும் ஆய்வுகள் பெருகிவரும் இக்காலத்தில் இதற்கு அவசரமும் உண்டு. திரையில் வந்த பெயர்களை மட்டும் எண்ணும் ஆய்வில், அன்று ஸ்டூடியோ விட்டுவிட்ட பெயர்கள் மீண்டும் ஒருமுறை விடுபடும்.

தமிழில் இத்தகையோரைக் 'குணச்சித்திர நடிகர்' என்கிறோம். பாத்திரத்தின் குணத்தைச் சித்திரமாகத் தீட்டுபவர் என்ற மதிப்பு அச்சொல்லிலேயே இருக்கிறது. அம்மதிப்புக்கு ஆய்வு செய்யக்கூடிய முதல் நியாயம் எளிது: ஒரு பழைய படத்தைப் பற்றி எழுதும்போது, எடுத்துக்கொண்ட காட்சியில் பேசும் அனைவரின் பெயரையும் தேடிக் கண்டறிந்து எழுதுவது. தாலியோவின் பெயரையும் க்ரூனிங்கின் பெயரையும் எழுதுவதற்கு ஒரு வரி போதும்.