எண்ணி வாங்கிய மீன் குஞ்சு

வியாபாரத்தில் எண்ணிக்கையை மாத்திரம் பார்த்து நட்டப்பட்டவர்களில் நானும் ஒருவன். வெங்காயத்தில் அல்ல, மீன் குஞ்சில்.

சில வருடங்களுக்கு முன் தப்போவப் பக்கத்துப் பருவகாலக் குளம் ஒன்றில், அவ்வூர் விவசாயச் சங்கத்தோடு பங்குக்குச் சேர்ந்து நானும் மச்சானும் 5,000 ரோகு, கட்லா குஞ்சுகள் விட்டோம். ஒட்சிசன் அடைத்த பொலித்தீன் பைகளில் லொறியில் வந்தன. கொண்டு வந்த தம்பி, "ஹாஜியார், எண்ணிப் பாருங்க, ஒண்டு குறைஞ்சாலும் நான் பொறுப்பு" என்றார். எண்ணிக்கை சரியாகவே இருந்தது. மறுநாள் காலை குளக்கட்டில் போய் நின்றோம். எங்கள் நிழல் தண்ணீரில் விழுந்ததும் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்தன. மச்சானுக்குப் பெரும் சந்தோசம். எனக்கும்தான். பட்டுப்போன மரத்தில் நீர்க்காகங்கள் வரிசையாக இருந்ததை நாங்கள் இருவருமே பெரிதாக எடுக்கவில்லை.

குளம் வற்றி வலை போட்டபோது குஞ்சு வாங்கிய காசு கூட வரவில்லை. களவும் நடந்திருக்கலாம், விராலும் தின்றிருக்கலாம். ஆனால் அந்தக் காலைக் காட்சிதான் என் மனதை விட்டுப் போகவில்லை. சீமெந்துத் தொட்டியில் பிறந்து, மேலிருந்து விழும் தீனியைத் தின்று வளர்ந்த குஞ்சுக்கு நிழல் என்றால் சாப்பாடு. குளத்தில் நிழல் என்றால் மரணம். இதை அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது?

எமது நுரைச்சோலை விவசாயிக்கு இது புதிய விடயம் அல்ல. வெங்காய நாற்றை மேடையிலிருந்து பிடுங்கும் முன் தண்ணீரைக் குறைத்து வெயிலுக்குப் பழக்குகிறோம். நிழலில் செழித்த நாற்றை அப்படியே மணலில் நட்டால் மூன்றாம் நாள் படுத்துவிடும். நாற்றுக்குப் பார்க்கும் இந்தப் பக்குவத்தை மீன் குஞ்சுக்கு நாம் பார்ப்பதில்லை.

வெளிநாடுகளில் இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். பிரெய்த்வெயிட், சால்வனெஸ் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் கொட் மீன் குஞ்சுகளில் ஒரு பகுதியை வெறும் தொட்டியிலும், இன்னொரு பகுதியைக் கல்லும் மறைவிடமும் வைத்து, தீனி விழும் இடத்தையும் மாற்றி மாற்றி வளர்த்தார்கள். 2005இல் வெளியான அவர்களது முடிவின்படி, மாற்றங்களோடு வளர்ந்த குஞ்சுகள் பயத்திலிருந்து சீக்கிரம் தெளிந்தன, உயிருள்ள இரையையும் விரைவில் தேடிப் போயின. கலிபோர்னியாவில் தொட்டியின் அடியில் வெறும் கல்லைப் போட்டு வளர்த்த ஒருவகை ட்ரவுட் குஞ்சுகளின் மூளையில், உடல் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதி பெரிதாக வளர்ந்திருந்தது. இது 2006இல் வெளிவந்தது. பின்லாந்துக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மறைவிடம் கொடுத்து, நீர்மட்டத்தையும் நீரோட்டத்தையும் மாற்றி வளர்த்த சால்மன் குஞ்சுகளை ஆற்றில் விட்டுப் பார்த்தார்கள். சாதாரணத் தொட்டிக் குஞ்சுகளை விட அவை கூடுதலாக உயிர் தப்பியதாக 2013இல் அறிவித்தார்கள்.

குளிர் நாட்டு மீனுக்குச் சரி, நமது ரோகுவுக்கு என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு நான் நீர்கொழும்புக் களப்பைத்தான் காட்டுவேன். அங்குள்ள மீனவர்கள் மரக்கிளைகளைத் தண்ணீரில் வட்டமாக நட்டு, மீன் வந்து தங்கிய பின் வலையால் வளைத்துப் பிடிப்பார்கள். சிங்களத்தில் 'மஸ் அத்து' என்பார்கள். மறைவிடம் கிடைத்தால் மீன் தேடி வரும் என்பது அவர்களுக்குப் பரம்பரையாகத் தெரியும்.

கொடுவாவைக் கூட்டில் அடைத்துத் தீனி போட்டு வளர்ப்பவருக்கு இந்தக் கவலை குறைவு. அவரது மீன் கடைசி வரை வேலிக்குள்தான். குளத்திலும் களப்பிலும் திறந்து விடுபவருக்கே இது பணப் பிரச்சினை. திலாப்பியா என்றால் குளத்திலேயே பெருகிவிடும். ரோகு, கட்லா நமது குளங்களில் தாமாகப் பெருகுவதில்லை. ஒவ்வொரு தடவையும் காசு கொடுத்துக் குஞ்சு விட வேண்டும். நக்டா என்று நாம் சொல்லும் அதிகார சபை விடும் குஞ்சுக்கும் பொதுமக்கள் பணம்தான் போகிறது.

குஞ்சு உற்பத்தி செய்பவர்களிடம் பேசினால் முதலில் சொல்வது, "தொட்டிக்குள்ள குப்பை போட்டா கழுவுறது யாரு?" என்பதுதான். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. கல்லுக்கு அடியில் எச்சமும் மீந்த தீனியும் தேங்கினால் நோய் வரும். ஆகவே கடைசி இரண்டு வாரத்துக்கு மட்டும் செய்யட்டும் என்கிறேன். கழுவி எடுக்கக்கூடிய குழாய்த் துண்டுகள், ஒரு மூலையில் தென்னோலை நிழல், தீனியை ஒரே இடத்தில் போடாமல் மாற்றிப் போடுதல், பசளையிட்ட மண் குட்டையில் பிடித்த நுண்ணுயிர்களைக் கொஞ்சம் உயிருணவாகக் கொடுத்தல். மண் குட்டையிலேயே வளர்ந்த குஞ்சு என்றால் இன்னும் நல்லது, அதற்கு இரண்டு ரூபா கூடக் கேட்டாலும் நான் கொடுப்பேன். கிளை வேண்டும் என்று கண்டல் மரத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம். அது சட்டத்துக்கு விரோதம், களப்பில் இயற்கையாகக் குஞ்சு வளரும் இடமும் அதுதான்.

வாங்குபவன் கேட்காமல் விற்பவன் மாறமாட்டான். 1996இல் வெள்ளைப்புள்ளி நோய் சிலாபம், புத்தளம் இறால் பண்ணைகளை அழிக்கும் வரை நாம் இறால் குஞ்சையும் எண்ணித்தான் வாங்கினோம். அடி விழுந்த பிறகுதான் பி.சி.ஆர். பரிசோதனை அறிக்கை கேட்கப் பழகினோம். கொரோனா வந்து ஊரெல்லாம் அந்தச் சொல்லை அறிவதற்கு முன்பே நமது இறால்காரர்களுக்கு அது தெரியும்.

வருகிற மாரிக்கு அந்தச் சங்கத்துக்கு மறுபடியும் குஞ்சு எடுக்க வேண்டியிருக்கிறது. இம்முறை விலை பேசும் முன் தொட்டியடிக்குப் போய்க் கையை நீட்டிப் பார்ப்பதாக மச்சானிடம் சொல்லியிருக்கிறேன். ஓடி ஒளிந்தால் முற்பணம் கொடுப்போம். வாயைத் திறந்துகொண்டு வந்தால் வேறு இடம் பார்ப்போம்.