ஒரே குழம்பு, வேறு வேறு கற்கள்

பெரியோரைப் போற்றுதல் இளையோர் கடன். ஐயுற்றதைச் சோதித்துத் தெளிதலும் அவர் கடனே. இவ்விரு கடன்களும் ஒன்றோடொன்று மாறுபடின் யாது செய்வது? கற்களின் பிறப்பை ஆராய்ந்தோர் வரலாற்றிலே இவ்வினாவுக்கு அழகியதொரு விடை உண்டு. அதனை இவ்வாரம் வாசகர்க்குக் கூற விழைகின்றோம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே பசால்ற்று எனும் கரும்பாறையைப் பற்றிப் பெரும் வாதம் நிகழ்ந்தது. அது நீரிலே படிந்து உண்டாயது என்றனர் ஜேர்மனியரான வேர்னரும் அவர் வழியினரும். பூமியின் உள்வெப்பத்தால் உருகிய குழம்பு ஆறி இறுகியதே அது என்றார் ஸ்கொட்லாந்தினரான ஜேம்ஸ் ஹட்டன். மறுத்தோர் வலிய தடையொன்றை எழுப்பினர். கல்லை உலையிலிட்டு உருக்கி ஆறவிட்டாற் கண்ணாடியன்றோ கிடைக்கின்றது? பசால்ற்றோ நுண்ணிய பளிங்குகள் செறிந்த கல். உருகிய பொருள் அவ்வாறு ஆதல் எங்ஙனம் என வினவினர்.

ஹட்டனின் இளைய நண்பர் சேர் ஜேம்ஸ் ஹோல். மூன்றாண்டுகள் வாதிட்ட பின்னரே ஹட்டனின் கொள்கையை ஏற்றவர் அவர். கண்ணாடித் தொழிற்சாலையொன்றிலே தற்செயலாக மெல்ல ஆறிய குழம்பு கல்லைப் போல் இறுகியதையும், அதனையே மீண்டும் உருக்கி விரைவில் ஆற்றியபோது கண்ணாடியாகியதையும் அவர் அறிந்தார். பாறைக்கும் இது பொருந்துமோ எனச் சோதிக்க விரும்பினார். ஹட்டனோ, சிறு உலையைக் கொண்டு பூமியின் பெருஞ்செயல்களை அளத்தல் தகாது என்னும் கருத்தினர். பெரியவரின் மனத்துக்கு மாறாக நடக்க விரும்பாத ஹோல் தம் சோதனைகளை ஒத்திவைத்தார். 1797இல் ஹட்டன் மறைந்த பின்னரே அவற்றைத் தொடர்ந்து, 1798இல் எடின்பரோ அறிஞர் சபையின் முன் முடிவுகளை எடுத்துரைத்தார்.

எடின்பரோவின் அயலிற் கிடைத்த கரும்பாறையையும், விசூவியஸ், எட்னா எரிமலைகளின் கற்களையும் அவர் உருக்கினார். விரைவில் ஆறியவை கண்ணாடியாயின. மெல்ல ஆறியவை மீண்டும் கல்லாயின. பொருள் ஒன்றே, ஆறிய காலமே வேறு.

இதனை நம் அடுக்களையிலும் காணலாம். செறிந்த சீனிக் கரைசல் பல நாள் அசையாதிருப்பின் கற்கண்டு விளைகின்றது. நன்கு காய்ச்சிய பாகை உடனே குளிரவிட்டாற் கண்ணாடி போல் இறுகுகின்றது. துணிக்கைகள் ஒழுங்காக அடுக்குண்டு பளிங்காவதற்கு அவகாசம் வேண்டும்.

இனி, பாறைக்குழம்பு தோன்றுவது எவ்வாறு? புவியோட்டின் கீழ் எங்கும் நெருப்புக் கடல் உண்டெனப் பலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. அங்குள்ள பாறை மிக வெப்பமுடையதாயினும், மேலுள்ள சுமையின் அமுக்கத்தால் உருகாது திண்மமாகவே உளது. அப்பாறை மெல்ல மேலெழும்போது அமுக்கம் குறைய, அதன் ஒரு பகுதி உருகுகின்றது. கடலடித் தட்டு பூமிக்குள் ஆழ்ந்து செல்லுமிடங்களில், அதிலிருந்து வெளிப்படும் நீர் மேலுள்ள பாறையின் உருகுநிலையைத் தாழ்த்துவதாலும் குழம்பு உண்டாகின்றது.

சிலிக்கா குறைந்த குழம்பு நிலத்தின்மேல் வழிந்து ஆறினால் நுண்மணிப் பசால்ற்று. அதுவே ஆழத்தில் மெல்ல ஆறினால் பெருமணிக் கப்ரோ. சிலிக்கா மிகுந்த குழம்பு ஆழத்தில் ஆறினாற் கிரனைற்று எனும் கருங்கல். மேலே வந்து ஆறினால் இறையோலைற்று. மிக விரைவில் ஆறினால் ஒப்சீடியன் எனும் இயற்கைக் கண்ணாடி. வாயுக் குமிழிகளோடு நுரைத்து இறுகினால் நீரில் மிதக்கும் நுரைக்கல்.

மெல்ல ஆறுதல் என்பது எத்துணைக் காலம்? 1959இல் ஹவாய்த் தீவின் கிலவேயா இக்கி எனும் எரிமலைக் குழியில், நூறு மீற்றருக்கும் மேற்பட்ட ஆழமுடைய குழம்பு ஏரி உண்டாயிற்று. விஞ்ஞானிகள் அதன் மேலோட்டைப் பன்முறை துளைத்து ஆராய்ந்தனர். அது முற்றாக இறுகுவதற்கு ஏறக்குறைய 35 ஆண்டுகள் சென்றன. நிலத்தின் ஆழத்தே கிடக்கும் பெருங் கருங்கற்றிணிவுகளோ ஆறுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளும், அதற்கு மேலும் கொள்வன.

ஹட்டன் வேண்டாவென்ற சோதனையே ஹட்டனின் கொள்கையைக் காத்தது. ஹோல் பெரியவரையும் நோகச் செய்திலர், வினாவையும் கைவிட்டிலர். பாடநூலில் உள்ளதை மட்டும் ஒப்புவிக்கும் மாணவரும், கேள்வி கேட்கும் பிள்ளையைக் கடியும் நம்மனோரும் அவரை நினைத்தல் நன்று.